தூங்கிய செடிக்கு எரு வைத்தவன்

கண்ணு,

நீ அனுப்பிய கூடை சேதாரமில்லாமல் ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்து இன்றோடு இருபது நாளாகிறது. பார்சல் குமாஸ்தா மேலே கட்டியிருந்த சாக்கை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, சுள்ளி அனுப்பக்கூட ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வருகிறதா என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூடையை வண்டியில் ஏற்றினேன். திருமுல்லைவாயில் வரைக்கும் மாடுகள் தாமாகவே நடந்தன. கூடையை மடியில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மருமகள் தலைப்பிரசவத்துக்குச் சேலத்துக்குப் போயிருக்கிறாள், ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து ஆசையாக வளர்த்த மரவாழைச் செடியை உன்னிடம் விட்டுப் போனாள், போன பத்தாம் நாளே இலை பழுத்துக் கொட்ட ஆரம்பித்து இப்போது வெறும் குச்சி நிற்கிறது, உன் கை தொட்டால் எதுவும் பட்டுப்போகும் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே, நைனா கை பட்டால் பிழைத்தாலும் பிழைக்கும் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. குழந்தை பிறந்ததும் நீங்கள்தான் வந்து முதலில் தூக்க வேண்டும், நான் கொஞ்ச நாள் தள்ளியே இருந்துகொள்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி. வேடிக்கைபோல எழுதியிருந்தாய். எனக்கு வேடிக்கையாக இல்லை.

முதலில் செடி விஷயம். அது சாகவில்லை. மார்கழி பிறந்தால் இந்த இனம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். குச்சியின் தோல் சுருங்கிக் காய்ந்தாற்போல் தெரியும், உள்ளே பச்சை இருக்கும். அந்த நேரத்தில் யாரும் ஒன்றும் செய்யக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு தபால் கார்டு போதும், வந்த அன்றே போட்டிருக்கலாம். போடாமல் இருபது நாள் நான் களத்துக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அந்தக் கார்டோடு இன்னொன்றையும் எழுத வேண்டியிருந்தது, இருபத்திரண்டு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தது. இனிமேலும் வைத்துக்கொண்டிருந்தால் நீ உன் பிள்ளையைத் தொடப் பயந்து தூரத்தில் நிற்பாய். அதனால் இந்த நீளக் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் அம்மாவின் அப்பா, என் தாய்மாமன், இளவயதிலேயே காப்பித் தோட்டத்து வேலைக்கென்று ஏற்காடு ஏறிவிட்டவர். உன் அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலையிறங்கி வந்தபோது பித்தளைக் குடம், பாய், பெட்டி எல்லாவற்றோடும் ஒரு சவுக்குக் கட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டையில் தேங்காய் நாரை வைத்து ஒரு செடி கட்டியிருந்தது. துரைமார் இதை ஆர்க்கிட் என்பார்கள், உன் அம்மா வீட்டில் மரவாழை என்பார்கள். ஊரில் அதைப் பார்த்தவர்கள் புதுப் பெண் புல்லுருவியைச் சீராகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான். அவள் சமையல்கட்டுக் கூரையின் இறவாணத்தில் கிழக்குப் பார்த்து அதைத் தொங்கவிட்டாள்.

காலையில் அரிசி களைவதற்கு முன்னால் சொம்பிலிருந்து விரல்களால் நாலு தெளிப்புத் தெளிப்பாள். சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துக் கிடக்கும் வேர் தண்ணீர் பட்டதும் பச்சையாக மாறும். அது மாறி முடிகிறவரைக்கும் அவள் அங்கேயே நிற்பாள். நான் ஏருக்குப் போகும் வழியில் அதைப் பார்ப்பேன். அவள் நிற்கிற நிலை, முகத்தில் விழுகிற வெயில், அடுப்பிலிருந்து வருகிற புகை எல்லாம் சேர்ந்து, என் வீடே எங்கேயோ மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாற்போல ஒரு மயக்கம் வரும். பங்குனியில் குச்சியில் கணுவுக்குக் கணு பூ வந்தது. வெளிறின ஊதா, நடுவில் வெண்ணெய் நிறத்தில் ஒரு உதடு. வாசனை உண்டா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கிற அளவுக்கு ஒரு வாசனை. பூ இருந்த பத்து நாளும் அவள் நம் ஊர் வெயிலில் நின்றபடியே மலையில் இருந்துவிட்டு வந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீ நடக்கப் பழகியதும் அதன் கீழேதான்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன். என் கைக்கு ராசி உண்டு என்பது உனக்குத் தெரிந்ததுதான். அம்பத்தூரிலிருந்து சென்னீர்குப்பம் வரைக்கும் யார் வயலில் நாற்று நட்டாலும் முதல் நாற்றை நான் வைக்க வேண்டும் என்று வண்டி அனுப்புவார்கள். ஒட்டு மாங்கன்று நட, வாழைக் கட்டை ஊன்ற, கோயில் நந்தவனத்தில் பூச்செடி வைக்க, எல்லாவற்றுக்கும் நான்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கும்போது சுற்றி நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். உண்மையைச் சொல்கிறேன், கள்ளுக் குடிப்பவனுக்குக் கள் எப்படியோ அப்படிப் பிடிக்கும். என் கை பட்டது வாடியது என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவிட்டதும் இல்லை.

உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது உன் அம்மா உன் தங்கையைப் பெற ஏற்காட்டுக்குப் போனாள். அந்த வருஷம் உனக்கு மூச்சு இழுப்பு இருந்தது. மலைக் குளிர் ஆகாது என்று வைத்தியர் சொன்னதால் உன்னை உன் அத்தையிடம், அப்போது நம்மோடு இருந்த என் அக்காவிடம், விட்டுப் போனாள். வண்டி ஏறும்போது செடியைக் காட்டி, நான் வருகிற வரைக்கும் இதைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. நீ தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சோறு சாப்பிட்டாய். மார்கழி வந்தது, இலை பழுத்தது, ஒவ்வொன்றாகக் கொட்டியது. முன் வருஷங்களிலும் கொட்டியிருக்கும், அறுப்பு வேலையில் நான் கவனித்திருக்க மாட்டேன். இந்த முறை கவனித்துவிட்டேன். அவள் இல்லாத நேரத்தில் என் வீட்டில் ஒரு செடி செத்தது என்று ஆகிவிடுமே என்று பயம் பிடித்துக்கொண்டது. கட்டையிலிருந்து செடியைப் பிரித்தேன். பெரிய தொட்டியில் ஏரி வண்டல் போட்டேன். மக்கின சாணி போட்டேன், கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன், வேர் முழுக்க மண்ணில் புதைத்து இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். காற்றில் இருந்த வேருக்கு முதல்முதலாக மண் கிடைத்திருக்கிறது, இனிப் பார் என்று உன் அத்தையிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த அன்பு அதுதான், மண்ணும் எருவும் தண்ணீரும்.

பதினைந்து நாளில் குச்சிகள் அடியிலிருந்து கறுத்தன. தொட்டால் கொழகொழவென்று வந்தது. ஒரு நாள் நான் வயலில் இருந்தபோது, நீ தொட்டியில் மிச்சமிருந்த ஒரே ஒரு பச்சைக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை அத்தை பார்த்திருக்கிறாள். மறுநாள் நான் தொட்டியைக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அந்த வாரமே உன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணும் காணாமல் போனது. ஏரியில் குளிக்கும்போது நழுவியிருக்கும் என்று தேடி ஓய்ந்தோம்.

உன் அம்மா மாசிக் கடைசியில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். வண்டியை விட்டு இறங்கியதும் இறவாணத்தைத்தான் பார்த்தாள். அத்தை முந்திக்கொண்டாள். "உம் புள்ளதான் புடுங்கிகினு ஓடினான், என் கண்ணால பாத்தேன். அவன் கை பட்டா இன்னா பச்சையா கீது? தொட்டதெல்லாம் பட்டுப்பூடுது." உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாட்டை அவிழ்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவள் உன்னை அடித்தாள். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். நீ அழுதுகொண்டே கிணற்றடி மாமரத்தைக் கையால் காட்டினாய். விளையாடப் போகிறேன் என்கிறாய் என்று அவள் நினைத்ததால் அதற்கும் ஒரு அடி வாங்கினாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஒரு வார்த்தை, அது நான் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊரே கூப்பிடுகிற கை இது, ஒரு செடியை அழுக வைத்தது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள்மேல் பழி போட மாட்டேன். அவள் பார்த்ததைச் சொன்னாள். நான் செய்ததைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நாற்று முடியைத் தொட்டால் அத்தை கத்துவாள். விதை நெல் பக்கம் வராதே என்பாள். பூசணி பிஞ்சில் வெம்பினால் நீ அந்தப் பக்கம் போனாயா என்று கேட்பார்கள். பத்து வயதில் நீ வரப்பில் நின்று நடவைப் பார்த்துக்கொண்டிருப்பாய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. யாரும் கட்டச் சொல்லவில்லை, நீயாகக் கட்டிக்கொண்டாய். பள்ளிக்கூடம், ரயில்வே உத்தியோகம் என்று நீ போனதில் ஊருக்குப் பெருமை. நீ ஏன் நிலத்தை விட்டுப் போனாய் என்று எனக்கு மட்டும் தெரியும். உன் கல்யாணத்தில் தென்னங்கன்று நடச் சொன்னபோது கன்றை மருமகள் கையில் கொடுத்துவிட்டு நீ ஒதுங்கி நின்றாய். வெட்கம் என்று சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். கல்யாணப் போட்டோவில்கூட உன் கை பின்னால்தான் இருக்கிறது.

உனக்கு எட்டு வயதாகும்போது, பூந்தமல்லியில் பட்டாளத்துத் துரை ஒருவரின் பங்களாவில் மாங்கன்று நடப் போனேன். அங்கே தாழ்வாரம் முழுக்க இந்தச் செடிதான், கரியும் தேங்காய் மட்டையும் போட்ட கூடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் மொட்டைக் குச்சி. செத்துவிட்டதா என்று தோட்டக்காரரைக் கேட்டேன். நம்மூர்க்காரர்தான், வயசானவர். நான் செய்ததை எல்லாம் யாரோ செய்ததாகச் சொல்லிக் கேட்டேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது தூங்கறப்ப எருவும் தண்ணியும் குட்த்தா அழுகித்தான் பூடும். தூங்கறவன எழுப்பி சோறு ஊட்டுவாங்களா இன்னா?" என்றார். வேருக்கு மண் ஆகாது, காற்றுத்தான் வேண்டும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் சந்தேகமாக இருந்தது அன்றைக்கு நிச்சயமாயிற்று.

அந்தப் பங்குனியிலேயே கிணற்றடி மாமரத்தில் பிஞ்சு எப்படி நிற்கிறது என்று பார்க்க ஏறினேன். கீழிருந்து பார்த்தால் தெரியாத ஒரு கிளைக் கவட்டில், தழைக்கு நடுவில், ஊதாவாக என்னவோ அசைந்தது. பக்கத்தில் போய்க் கிளையில் உட்கார்ந்து பார்த்தேன். நாலைந்து குச்சி தொங்குகிறது, ஒவ்வொன்றிலும் கணுவுக்குக் கணு பூ. நீ பிடுங்கிக்கொண்டு ஓடிய குச்சி அது. அறுப்பு முடிந்து வைக்கோல் போரை அந்த மரத்தை ஒட்டித்தான் போடுவோம். நீ போர்மேல் ஏறி, அம்மா கட்டையில் கட்டியிருந்ததைப் பார்த்ததுபோலவே, அதை மரத்தில் கட்டியிருக்கிறாய். ஆடிக்குள் வைக்கோல் தீர்ந்துவிடும், அப்புறம் அந்தக் கவட்டை யாரும் பார்க்க முடியாது, அடி வாங்கிய பிறகு நீயும் அந்த மரத்துப் பக்கம் போகவில்லை. ஊருக்கெல்லாம் நட்டுக் கொடுத்தவன் கொன்ற செடியை ஐந்து வயதுப் பிள்ளை பிழைக்க வைத்திருக்கிறது. நீ அன்றைக்கு அழுதுகொண்டே காட்டியது இதைத்தான்.

இறங்கி வந்து உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூவைச் சொன்னால் தொட்டியையும் சொல்ல வேண்டும். அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது, வருஷம் ஏற ஏறச் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. ஆனால் ஒவ்வொரு பங்குனியும் பிஞ்சு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறுவேன். விடிகாலையில் கவட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும், கோயில் மணி கேட்கும், அம்பத்தூர்ப் பக்கம் போகிற ரயிலின் புகை பனையோலைக்கு மேல் மெதுவாகக் கரையும். பூக்கள் என் முகத்துக்கு நேரே இலேசாக ஆடிக்கொண்டிருக்கும். உன் அம்மா கீழே அரிசி களைகிற சத்தம் கேட்கும். அவள் இழந்தது அவள் தலைக்கு மேலேயே இருக்கிறது, அவளுக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது எல்லோருக்கும் எல்லாம் சொல்லிவிட்டாற்போலவும், எல்லோரும் மன்னித்துவிட்டாற்போலவும் கனவுபோல இருக்கும். காலைத் தரையில் வைத்ததும் அது போய்விடும். போன மூன்று வருஷமாக முட்டி ஒத்துழைக்கவில்லை, ஏறவில்லை.

உன் கடிதம் வந்து பதினெட்டாம் நாள், அதாவது முந்தாநாள், உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வண்டல், பிண்ணாக்கு, தொட்டி, மாடு, மரம் வரைக்கும். அவள் செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதான அடிச்சேன். கொழந்த மரத்தத்தான காட்டினான்" என்றாள். அப்புறம் நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்று காலை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இந்த வருஷமும் வைக்கோல் போர் அங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் காதில் வாங்காமல், இந்த வயதில், கையை ஊன்றி ஊன்றிப் போர்மேல் ஏறினாள். உச்சிக்குப் போய்க் கிளையைப் பிடித்துக்கொண்டு தழையை விலக்கினாள். அங்கேயே நின்று பார்த்தாள். கீழே என் தோளில் வைக்கோல் தூசி விழுந்துகொண்டிருந்தது. முறம் அகலத்துக்குப் படர்ந்து பூத்திருக்கிறது என்று பிறகு சொன்னாள். நான் வருஷா வருஷம் பார்த்தது பூவை. அவள் வேரை விலக்கிப் பார்த்திருக்கிறாள்.

"அரைஞாண் இங்க கீது" என்றாள்.

உன் வெள்ளி அரைஞாணால்தான் நீ அந்தக் குச்சியைக் கட்டியிருக்கிறாய், கண்ணு. கையில் கயிறு இல்லை, இடுப்பில் இருந்ததை அவிழ்த்திருக்கிறாய். கறுத்துப்போய், பாதி மரப்பட்டைக்குள் புதைந்து, பாதியை வேர் மூடிக் கிடக்கிறதாம். எடுக்க முடியுமா என்று கேட்டேன். "வராது. எடுக்கவும் வேணாம். அவன் கட்டினது கட்டினபடியே இருக்கட்டும்" என்றாள். இறங்கும்போது கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள், அதுவே எனக்குப் பெரிது. கீழே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை எழுதச் சொன்னாள்: "கொழந்தைய மொதல்ல அவன் கையில குடுக்கணும்னு சம்பந்தி ஊட்டுக்கு எழுதுங்க. நீங்க அப்பால போய்ப் பாத்துக்கலாம்."

நியாயம்தான். சம்பந்திக்கு எழுதிவிட்டேன். உன் கூடையை நாளைக் காலை ஆவடியில் ஏற்றுகிறேன். செடியை நான் வெளியே எடுக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, சாக்கை மட்டும் விலக்கி மாட்டுக்கொட்டகை நிழலில் காற்றாட மாட்டி வைத்திருந்தேன். கணுக்களில் கடுகளவு மொட்டு வைத்திருக்கிறது. அது உன்னிடம் இருந்தபோது தூங்கிய தூக்கத்தின் பலன், என் கைக்கு அதில் பங்கில்லை. ரயில் குலுக்கலில் மொட்டு உதிர்ந்தால் கலங்காதே. கிழக்கு வெயில் படுகிற இடத்தில் தொங்கவிடு. சித்திரையில் அடியில் பச்சையாக முளை எட்டிப் பார்த்ததும் காலையில் விரலால் நாலு தெளிப்பு, வேர் பச்சையாகிறவரைக்கும் பக்கத்தில் நில். மார்கழியில் அதை அதன்பாட்டுக்கு விட்டுவிடு. மருமகள் வந்ததும் இதையெல்லாம் நீயே சொல்லிக் கொடு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு தகப்பன் இப்படி எழுதக் கூடாது என்பார்கள், எழுதிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும் செய். சேலத்திலிருந்து தந்தி வந்ததும் உடனே போ. தூளிப் பக்கத்தில் தள்ளி நிற்காதே, யாரும் கொடுக்கட்டும் என்று காத்திருக்காதே, பின்னால் இருக்கிற கையை எடுத்து நீட்டி நீயே வாங்கிக்கொள். தூக்கினேன் என்று எனக்கு ஒரு கார்டு போடு. அந்தக் கார்டு கைக்கு வந்த பிறகுதான் நான் ரயிலேறுவேன்.

நைனா